போன் அடித்தாலே பகீர் என்கிறது!

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு என்றதும், ஹாஸ்டலில் இருந்த ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் எல்லாரும் என் நம்பருக்குத்தான் அடித்தார்கள். ஆர்டர்கள் கேன்சல் ஆனதும் யாருக்குப் பாதிச் சம்பளம், யாரை நிறுத்துவது என்று முதலாளி லிஸ்ட் போட்டார். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னது நான். அடுத்த வருஷம் மே மாதம் எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு ஆக்சிஜன் பெட் கேட்டு விடிய விடிய போனில் அலைந்தேன். கிடைக்கவில்லை. போய்விட்டார். இப்போது கம்பெனி நன்றாக ஓடுகிறது. ஆனால் ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, கை வேர்க்கிறது. மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையை அரை அரையாகப் போட்டுக்கொள்கிறேன். ஈ.சி.ஜி. நார்மல். ‘எல்லாருக்கும்தானே கொரோனா வந்துச்சு, உங்களுக்கு மட்டும் என்ன?’ என்கிறாள் மனைவி. மனநல டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: முதலில் அந்த மாத்திரை. பெயரை எழுதவில்லை. இப்படிக் கைமாறுவது பெரும்பாலும் அல்பிரசோலம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. மருந்துக்கடையில் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். போகப் போக அரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். அதற்காக இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பட்டென்று விட்டால் படபடப்பு கூடும், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்கிற கணக்கில்தான் குறைக்க வேண்டும். கூடவே குடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும்.

அடுத்து, உங்கள் வீட்டம்மா கேட்டது. எல்லாருக்கும் வந்தது உண்மைதான். முதல் வருஷத்திலேயே உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் மேனேஜர் நாற்காலிக்கு என்று ஒரு தனி வேதனை இருந்தது. முடிவை எடுத்தவர் வேறொருவர். அது உங்கள் வாய் வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அழுகையும் சாபமும் விழுந்தது உங்கள் காதில். நின்று வருத்தப்பட அன்றைக்கு நேரம் ஏது? 2020 மே மாதம் வெளிமாநிலத் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பிய ஷ்ரமிக் ரயில் ஓடத் தொடங்கும்வரை ஹாஸ்டலுக்கு அரிசி பருப்பு, பிறகு ரயிலுக்குப் பெயர்ப் பட்டியல் என்று ஓடியிருப்பீர்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு இப்போது உடம்பு கணக்குக் கேட்கிறது. மில், வங்கி, ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். ‘நான் நல்லாத்தான் இருக்கேன், தூக்கம் மட்டும்தான் வரலை’ என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

பெட் கிடைக்காமல் போனதற்கு நீங்கள் பொறுப்பல்ல. 2021 மே மாதம் மருத்துவர்களே தங்கள் சொந்தக்காரர்களுக்குப் பெட் தேடி அலைந்தார்கள். இப்படி நான் எழுதுவதால் மட்டும் உங்கள் மனசு கேட்டுக்கொள்ளாது என்பதும் தெரியும். அதற்குத்தான் சிகிச்சை.

மூன்று மணி முழிப்பு மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம். படபடப்புக்குத் தைராய்டும் காரணமாகலாம். டாக்டர் அதையும் சர்க்கரையையும் பார்த்துவிடுவார். போன் பயத்துக்குப் பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்யும். அதே ரிங்டோனைப் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒலிக்கவிட்டு, படிப்படியாக ராத்திரி வரை கொண்டுபோவோம். சைலன்டில் போட்டால் அன்றைக்கு நிம்மதி. பயம் அப்படியே இருக்கும். மாத்திரை தேவைப்பட்டால், மனச்சோர்வுக்குத் தருவது போதை மருந்து அல்ல. பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். ‘ஒரு வாரம் போட்டேன், ஒண்ணும் கேட்கலை’ என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

நைட் ஷிஃப்ட் ஓடுகிற கம்பெனியில் போனை ஆஃப் பண்ண முடியாது. ஆனால் வாரத்தில் சில ராத்திரியாவது ஃப்ளோர் இன்சார்ஜிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். முதலாளிகள் யாராவது இதைப் படித்தால், ராத்திரி நம்பரை ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள் ஐயா.

கம்பெனிக்குத் தெரியாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் சம்மதமில்லாமல் டாக்டர் முதலாளியிடம் வாய் திறக்க முடியாது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416-க்கு அடியுங்கள். போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி-மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் இன்றைக்கே அடியுங்கள்.

டாக்டரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிப்போங்கள். மூன்று மணிக்கு நீங்கள் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவர் அவர்தான். டாக்டருக்கு அந்த விவரம் வேண்டும்.