காமிக்ஸ் கேள்வி பதில்: சிரிக்கிற டீமுக்கு அழுக வர்ற நாள்

நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து அஞ்சு ஹீரோ இருக்கிற டீம் காமிக்ஸ் ஒன்னு பண்ணிட்டு இருக்கோம் சார். காமெடி நல்லா வொர்க் அவுட் ஆகுது. ஆனா ஆறாவது சாப்டர்ல ஒருத்தன் சாகுறான், அதுக்கும் சிரிக்கிறாங்க. என்ன பண்றது?
- ஒரு வாசகர், திருப்பூர்

சிரிச்சவங்கள திட்டாதீங்க. அஞ்சு சாப்டரா "இந்தக் கதையில எது நடந்தாலும் யாருக்கும் ஒன்னும் ஆகாது"ன்னு நீங்கதான் பழக்கி விட்டிருப்பீங்க, திடீர்னு ஆறாவதுல பாடைய தூக்கிட்டு வந்தா அதுவும் ஜோக்குன்னுதான நினைப்பாங்க. உங்க ஸ்கிரிப்ட நான் படிக்கல, ஆனா வில்லன் வர்ற சீன்லயும் அவன வச்சே கலாய்ச்சிருப்பீங்கன்னு தோணுது.

இதுக்கு நான் எப்பவும் எடுத்துப் பாக்குறது டிசிங்கிற அமெரிக்க காமிக்ஸ் கம்பெனி 1987ல ஆரம்பிச்ச ஜஸ்டிஸ் லீக் சீரிஸ், ஏழாவது இஷ்யூலேர்ந்து ஜஸ்டிஸ் லீக் இன்டர்நேஷனல்னு பேர் மாத்துனாங்களே அதுதான். அப்ப சூப்பர்மேன், வொண்டர் வுமன் எல்லாருக்கும் கதைய முதல்லேர்ந்து திரும்ப எழுதிட்டு இருந்தாங்க, அதனால பெரிய தலைங்க யாரும் டீமுக்குக் கிடைக்கல, பேட்மேன் மட்டும் எப்படியோ கிடைச்சார். மத்தபடி ப்ளூ பீட்டில், பூஸ்டர் கோல்ட், மிஸ்டர் மிராக்கிள், கை கார்ட்னர்னு கடைசிப் பந்தியில மிஞ்சுன ஆளுங்க. கீத் கிஃபென் கதையப் போட்டு பக்கத்துக்குப் பக்கம் ரஃபா வரைஞ்சு குடுப்பார், ஜே.எம். டிமேட்டிஸ் அதுக்கு டயலாக் எழுதுவார், கெவின் மக்வயர் ஃபைனலா வரைவார். மக்வயர் சண்டை வரைஞ்சத விட மூஞ்சி வரைஞ்சதுதான் ஜாஸ்தி. ஒரே ஆள் ஒரே இடத்துல உக்காந்து பேசிட்டு இருப்பான், நாலு பேனல்ல நாலு மூஞ்சி, புருவம் மட்டும் ஏறி இறங்கும், படிக்கிற நமக்கு அவன் பொய் சொல்றான்னு தெரிஞ்சிரும்.

இத எல்லாரும் காமெடி சீரிஸ்னுதான் சொல்லுவாங்க, ஆனா முதல் இஷ்யூ எப்படி முடியுதுன்னு பாருங்க. ஐநா சபைக்குள்ள குண்டோட ஒரு கும்பல் புகுந்திருது, டீம் போய் சண்டை போடுது, கடைசில கும்பலோட தலைவன் தன்னையே சுட்டுக்கிட்டு செத்துப்போறான். குண்டு வெடிக்கல. ஏன்னா மேக்ஸ்வெல் லார்டுன்னு கோட் சூட் போட்ட ஒரு பிசினஸ்மேன், டீமுக்கு பேர் வாங்கிக் குடுக்கணும்னு இந்த ட்ராமாவயே செட் பண்ணிருக்கான். அடுத்த ரெண்டு இஷ்யூல அணு ஆயுதத்தால அழிஞ்சு போன வேற ஒரு உலகத்துலேர்ந்து தப்பிச்ச மூணு பேர் வர்றாங்க, இங்க இருக்கிற அணு ஆயுதத்தையெல்லாம் ஒழிச்சிரணும்னு கிளம்புறாங்க, அதுல ஒருத்தன் சோவியத் அணு உலைக்குள்ள போய் கதிர்வீச்சுல சிக்கிடுறான். செர்னோபில் நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அந்த அணு உலைய வச்சு யாரும் ஜோக் அடிக்கல. ஆபத்துன்னா ஆபத்துதான்னு ஆரம்பத்துலயே ஆணி அடிச்சிட்டு, அதுக்கப்புறம்தான் பசங்கள வாய் விட விட்டாங்க.

இந்த சீரிஸ்னாலே எல்லாரும் சொல்ற ஒரு ஃபேமஸ் குத்து அஞ்சாவது இஷ்யூல வருது. கை கார்ட்னர்ங்கிறவன் பச்சை மோதிரக்காரன், அந்த மோதிரம்தான் அவன் சக்தியே, வருஷக்கணக்கா கோமால கிடந்துட்டு எழுந்து வந்தவன், வந்த நாள்லேர்ந்து நான்தான் லீடர் நான்தான் லீடர்னு உயிர வாங்குறவன். பேட்மேன் கிட்ட வம்பு இழுத்து, மோதிரம் இல்லாமலே உன்னைப் பாத்துக்கிறேன்னு கழட்டி வச்சிட்டு முன்னாடி வர்றான். ஒரே குத்து. மல்லாந்துட்டான். ப்ளூ பீட்டிலுக்கு சிரிப்ப அடக்க முடியல, ஒரே குத்து ஒரே குத்துன்னு சொல்லிச் சொல்லி சிரிக்கிறான். அதே டீம்ல இருக்கிற ப்ளாக் கேனரி கொஞ்சம் லேட்டா வந்து, அய்யோ நான் பாக்காம போயிட்டேனேன்னு புலம்புறா. பேட்மேன் மூஞ்சில ஒரு கோடு கூட மாறல. கார்ட்னர தரையிலயே போட்டுட்டு எல்லாரும் வேலைய பாக்கப் போயிடுறாங்க. கார்ட்னர் அப்புறம் எழுந்து மோதிரத்த எடுக்கக் குனியும்போது தலைய முட்டிக்கிட்டு திரும்ப விழுறான், அந்த அடியில குணமே மாறி அப்பாவிப் பையனாயிடுறான், அத வச்சு ஒரு வருஷத்துக்கும் மேல ஓட்டுனாங்க.

இந்த ரெண்டு பக்கத்துல எல்லா சிரிப்பும் இந்த ஆளு இப்படித்தான் பண்ணுவான்ங்கிறதுலேர்ந்து வருது பாருங்க. இதே குத்த வேற யாரு குடுத்து வேற யாரு வாங்கியிருந்தாலும் சப்புன்னு போயிருக்கும். உங்க டீம்ல ஒருத்தன் சொல்ற ஜோக்க எடுத்து இன்னொருத்தன் வாயில வச்சுப் பாருங்க. அப்பவும் சரியா உக்காந்துச்சுன்னா அந்த ஆளு இன்னும் கேரக்டராவே ஆகலன்னு அர்த்தம், அவன் செத்தா யாரு அழுவா?

நம்ம சினிமால ரொம்ப நாளா காமெடிக்குன்னு தனி ட்ராக் ஓடும்ல, க்ளைமாக்ஸ் ஆரம்பிச்சா காமெடியன் காணாமப் போயிடுவார், கடைசி க்ரூப் ஃபோட்டோக்கு மட்டும் வந்து நிப்பார். நமக்கு அந்தப் பழக்கம் ரத்தத்துல ஊறிப்போச்சு, எழுத உக்காந்தா கையும் அப்படியே போகுது. இந்த சீரிஸ்ல தனி ட்ராக்கே கிடையாது, சிரிக்க வச்சவனேதான் அடியும் வாங்கணும்.

1990ல என்ன பண்ணாங்கன்னா, பீட்டிலும் பூஸ்டரும் டீம் காசச் சுருட்டி கூயி கூயி கூயின்னு ஒரு தீவுல சூதாட்ட கிளப் திறக்குறாங்க, ஒரே ராத்திரில ரெண்டு பழைய வில்லனுங்க விளையாடி மொத்த காசையும் ஜெயிச்சிட்டுப் போயிடுறானுங்க, தீவு வேற உயிருள்ள தீவு, அது பாட்டுக்கு நகர ஆரம்பிச்சிருது. வயிறு வலிக்கும் படிச்சா. இது முடிஞ்சு சில மாசத்துலயே டெஸ்பெரோன்னு ஒரு கொடூர வில்லன் வர்றான். பழைய லீக்ல இருந்தவங்கள ஒவ்வொருத்தரா தேடிப் போறான், ஆஸ்பத்திரி மெஷின்ல உயிரப் பிடிச்சிட்டுக் கிடக்கிற ஸ்டீல்ங்கிற ஹீரோவ முடிச்சிடுறான், ஜிப்ஸிங்கிற சின்னப் பொண்ணோட வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவக் கொல்றான். அதே சீரிஸ், அதே எழுத்துக்காரங்க, ஆர்டிஸ்ட் மட்டும் ஆடம் ஹியூஸ். சூதாட்டத்துல காசத் தொலைச்ச பீட்டில் மாதிரி ஆளுங்கதான் இவன் முன்னாடி போய் நிக்கணும். பயமா இருக்கும். ஏன்னா அவனுங்கள நமக்குத் தெரியும், சமாளிக்க மாட்டானுங்கன்னு தெரியும். கடைசில டீம்ல இருக்கிற மார்ஷியன் மேன்ஹன்டர், வேற கதையில பிஸ்கட் டப்பாவோட உக்காந்திருக்கிற அதே பச்சை மனுஷன், டெஸ்பெரோ மனசுக்குள்ள போய் அவன் ஆசைப்பட்டதெல்லாம் நடந்து முடிஞ்ச மாதிரி ஒரு கனவக் குடுத்து அடக்குறார். அங்க ஜோக் இல்ல.

அதனால உங்க ஆறாவது சாப்டர விட்ருங்க, ரெண்டாவது சாப்டர திரும்ப எழுதுங்க. அங்கயே யாருக்காவது நெஜமா அடிபடணும், அந்தக் காயம் மூணாவதுலயும் ஆறாம இருக்கணும்.

பேட்மேன் காமெடி டீம்ல இருக்கிறதே பேட்மேனுக்கு அசிங்கம் இல்லையா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

அவர் சிரிக்காம இருக்கிறதாலதான் மத்தவன் சிரிப்பா தெரியுறான். ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் நடந்து போறப்ப பின்னாடி பெஞ்ச்ல வர்ற சிரிப்பு இருக்கே, அதுக்கு ஹெட்மாஸ்டர் சீரியஸா இருந்தே ஆகணும். அவரும் சேர்ந்து ஜோக் அடிச்சா முடிஞ்சுது.

சிரிப்பு சோகம் ரெண்டும் ஒரே டீம்ல வர்றத யார் சார் ஆரம்பிச்சா?
- ஒரு வாசகர், ஓசூர்

முதல் ஆள்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா மார்வெல் 1961ல கொண்டாந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர்ல பென் க்ரிம்மப் பாருங்க. டீம்ல இருக்கிற ஜானியோட ஓயாம சண்டை, பழைய தெருப் பசங்க பார்சல் அனுப்பிக் கலாய்க்கிறது, எல்லாத்துக்கும் சிரிக்கலாம். ஆனா அந்தாளு கல்லா மாறிட்ட மனுஷன், கண்ணாடியப் பாக்கவே பிடிக்காதவர். சிரிப்பும் சோகமும் ஒரே உடம்பு.

டெட் கார்ட கொன்னத உங்களால மன்னிக்க முடியுதா? எனக்கு இன்னும் ஆறல.
- ஒரு வாசகர், சேலம்

எனக்கும் ஆறல. தெரியாதவங்களுக்கு: 2003ல கிஃபென், டிமேட்டிஸ், மக்வயர் மூணு பேரும் திரும்ப சேர்ந்து அந்தப் பழைய கோஷ்டிய வச்சு ஆறு இஷ்யூ பண்ணாங்க, அடுத்த வருஷம் காமிக்ஸ் உலகத்தோட பெரிய விருதான ஐஸ்னர் விருதே நகைச்சுவைக்குக் கிடைச்சுது. அதே 2004ல டிசி வேற ஒரு சீரிஸ்ல இந்தக் கோஷ்டியில இருந்த சூ டிப்னியக் கொன்னுட்டாங்க. 2005ல மேக்ஸ்வெல் லார்ட முழு வில்லனாக்கி, ப்ளூ பீட்டில் டெட் கார்ட தலையில சுட வச்சாங்க. இதுக்கு நடுவுல அந்த மூணு பேரோட அடுத்த காமெடிக் கதை கடைக்கு வருது, அதுல சூ உயிரோட ஜோக் அடிச்சிட்டு இருக்கா. படிக்கிறவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

சாவு வந்ததுல எனக்குக் கோபம் இல்ல, டெஸ்பெரோ கதையிலயும்தான் சாவு. அங்க அந்த மனுஷங்கள வளத்தவங்களே அடிச்சாங்க, அடிச்சதுக்கு அப்புறம் கூட உக்காந்து அழுதாங்க. இங்க பதினாறு பதினேழு வருஷமா ஒருத்தர் சிரிக்க வச்சு சேத்த பாசத்த, இன்னொருத்தர் வந்து ஒரே பக்கத்துல ஷாக்குக்கு செலவு பண்ணிட்டுப் போயிட்டார். லார்ட் முதல் இஷ்யூலயே ஆள செட் பண்ணி சாகவிட்ட ஆசாமிதானேன்னு யாராவது கேட்டா, அது மட்டும் கொஞ்சம் நியாயம்தான், ஒத்துக்கிறேன்.

எங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கலாம்?
- ஒரு கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

1987 சீரிஸ் ஒன்னுலேர்ந்து ஏழு வரைக்கும் ஒரே மூச்சா. பிடிச்சா எட்டாவதையும் எடுங்க, அதுல புது ஆஃபீஸுக்கு வீடு மாத்துறதுதான் முக்கால்வாசிக் கதையே, பெட்டி தூக்குற பூஸ்டர் மூஞ்சிய நிதானமா பாருங்க.