வாசகர் கேள்வி: ஆஸ்பென் காட்டின் வெளிறிய மண்

கேள்வி: கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் வனவியல் பயிலும் என் மகள், காட்டில் தோண்டிய மண்குழியின் படத்தை அனுப்பியிருந்தாள். மேலே கருத்த இலைமக்கு, அதன் கீழே சாம்பல் நிற மண், அதற்கும் கீழே பழுப்புக் களி. இவ்வளவு இலை விழும் காட்டில் மண் ஏன் கறுக்கவில்லை? இலையுதிர் மரமும் ஊசியிலை மரமும் அங்கே கலந்து வளர்வது எப்படி?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, குளுவாங்

பதில்: படத்தில் இருப்பது கனடிய மண்ணியலார் சாம்பல் லூவிசோல் என்று வகைப்படுத்தும் மண்ணாகவே தோன்றுகிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கிய பனிப்பாளங்கள் விட்டுச்சென்ற, சுண்ணாம்பு கலந்த களிப்படிவின்மேல் அது உருவானது. உருகும் பனியும் மழையும் உள்ளே இறங்கும்போது முதலில் சுண்ணாம்பு கரைகிறது. பிறகு நுண்ணிய களித்துகள்களும் நீரோடு நகர்ந்துவிட, எஞ்சிய வண்டல் வெளிறித் தெரிகிறது. அந்த அடுக்கைக் கையில் எடுத்து உடைத்தால் மெல்லிய தகடுகளாகப் பிரியும். கீழடுக்கின் கட்டிகள்மீதோ, இறங்கி வந்த களி மெழுகு பூசியதுபோல் படிந்திருக்கும்.

இலைமக்கு மண்ணோடு கலந்தால்தான் மண் கறுக்கும். அங்கே நிலம் பல மாதங்கள் உறைந்து கிடக்கிறது. பனியுகம் துடைத்தெடுத்த அந்நிலப்பரப்பில் இயல்பான மண்புழுக்களும் அரிது. ஆகவே இலைகள் மேலேயே பாயாகத் தங்கிவிடுகின்றன. உங்கள் பக்கத்து ரெங்கம் மண்ணும் கறுப்பில்லைதான். ஆனால் காரணம் நேர் எதிரானது. ஆண்டின் தொடக்கத்தில் பால்மரம் (ரப்பர்) உதிர்க்கும் இலையை வெப்பமும் கரையானும் நுண்ணுயிரும் விரைவாகத் தின்று தீர்த்துவிடுகின்றன.

மரங்கள் கலந்து வளர்வதற்குப் பெரிதும் காட்டுத்தீயே காரணம். தீயில் இலையுதிர் மரமான ஆஸ்பெனின் தண்டு அழிந்தாலும் மண்ணுக்குள் வேர் பிழைத்துக்கொண்டு, ஒரு ஹெக்டேரில் பல்லாயிரம் தளிர்களை எழுப்புகிறது. தப்பிய தாய்மரங்களிலிருந்து காற்றில் வரும், ஊசியிலை மரமான வெள்ளை ஸ்புரூஸின் விதையோ, மக்கு எரிந்து வெளிப்பட்ட மண்ணிலும் உளுத்த மரக்கட்டையிலும் முளைத்து, ஆஸ்பெனின் நிழலில் மெதுவாக வளர்ந்து, பல பத்தாண்டுகளுக்குப் பின் அதை முந்துகிறது.

மண்தான் மரத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதிதான் சரி. சுண்ணச்சத்து மிகுந்த ஆஸ்பென் இலை விரைவில் மக்குவதால், அதன் கீழே காட்டு ரோஜாவும் புல்லும் பல சிறு பூண்டுகளும் செழிக்கின்றன. ஸ்புரூஸ் ஓங்கியபின் அமிலத்தன்மையுள்ள ஊசிகள் சேர, நிழலில் இறகுப்பாசி மெத்தையாகப் படர்கிறது. வெப்பம் புகாமல் அது மண்ணைக் குளிரவைப்பதால் தழைச்சத்து விடுபடுவதும் தாமதமாகிறது. இந்த அளவுக்கு மரம் தன் மண்ணைத் தானே மாற்றிக்கொள்கிறது. ஆனால் வறண்ட மணல்மேட்டில் வளரும் ஜாக் பைன் என்ற ஊசியிலை மரத்துக்கும், மக்காத தாவரம் சேர்ந்து நீர் தேங்கும் சதுப்பில் வளரும் கருப்பு ஸ்புரூஸுக்கும் மண் வைத்ததுதான் சட்டம்.

கேள்வி: ஆஸ்பெனை நம் நாட்டில் நட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பயனில்லை. குளிர்காலம் முழுவதும் உறங்கினால்தான் அதன் மொட்டு முறையாக விரியும். கேமரன் மலையின் குளிர்கூட அதற்குப் போதாது.