சென்னையில் விடுமுறை, பிரிஸ்கோவில் வரி நோட்டீஸ்

நீங்கள் கேட்டது இது. போன அக்டோபரில் டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோவில் புது வீடு வாங்கினீர்கள், க்ளோசிங்கில் (வாங்கி முடித்த நாளில்) விலை 5,85,000 டாலர். இப்போது அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து (வரிக்காக வீட்டுக்கு மதிப்புப் போடும் அலுவலகம்) வந்த நோட்டீஸில் வீட்டின் மதிப்பு 6,40,000 என்று இருக்கிறது. குடும்பத்தோடு மடிப்பாக்கத்தில் அப்பா அம்மா வீட்டில் இருக்கிறீர்கள், ஜூன் கடைசியில்தான் திரும்புவீர்கள். நோட்டீஸைப் பக்கத்து வீட்டுக்காரர் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். இங்கிருந்தே எதிர்க்கலாமா, இல்லை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா?

இங்கிருந்தே எதிர்க்கலாம் தம்பி. அடுத்த வருஷத்துக்கு மட்டும் தள்ளாதீர்கள்.

சென்னை மாநகராட்சி வரியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். இங்கே சதுர அடி, தெரு, வீடா கடையா என்று பார்த்து அரையாண்டு வரி போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் பல வருஷம் அசையாமல் இருந்தது. 1998-க்குப் பிறகு 2022-இல்தான் பெரிய சீராய்வே நடந்தது. டெக்சாஸில் ஜனவரி 1 அன்று உங்கள் வீட்டை விற்றால் என்ன விலை போகும் என்பதுதான் கணக்கு. மாநில வருமான வரி கிடையாது என்று சந்தோஷப்பட்டோமே, அந்தப் பணத்தில் பெரும்பகுதி இந்த வழியாகப் போய்விடுகிறது. பள்ளி, நகரம், கவுன்டி (நம்மூர் மாவட்டம் போல) எல்லாம் சேர்த்து 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 55,000 டாலர் குறைந்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,100 டாலர் மிச்சம்.

அதைவிட முக்கியம் ஹோம்ஸ்டெட் வரம்பு. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கினால் பள்ளி வரிக் கணக்கில் மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் கழிப்பார்கள் (2025 முதல் இந்த அளவு, அதற்கு முன் 1,00,000). கூடவே வரி போடும் மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பும் வரும். ஆனால் வரம்பு உடனே வேலை செய்யாது. நடு வருஷத்தில் வாங்கியவருக்கு, வாங்கிய பிறகு வரும் முதல் ஜனவரி 1-தான் தகுதி பெறும் வருஷம். வரம்பு அதற்கடுத்த ஜனவரியில்தான் தொடங்கும். அதாவது இந்த வருஷ நோட்டீஸில் நிற்கும் எண் மேல்தான் அந்த 10 சதவீதம் உட்காரும். 6,40,000-ஐ விட்டுவிட்டால் அடுத்த வருஷம் 7,04,000 வரை ஏற்றலாம். 5,85,000-க்கு இறக்கினால் 6,43,500-ஐத் தாண்ட முடியாது.

விலக்குக்கு இன்னும் மனு போடவில்லை என்றால் இன்றைக்கே போடுங்கள். படிவம் 50-114, கட்டணம் எதுவும் இல்லை. ஏப்ரல் 30 கடைசி நாள் என்றாலும் தாமத மனுவும் ஏற்பார்கள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்தால் மனு திரும்பி வரும்; நம் ஆட்கள் பலருக்கு அங்கேதான் இடிக்கிறது. "விலக்கு வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள்.

இனி எதிர்ப்பு மனு. கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அது. கெடு நோட்டீஸிலேயே அச்சாகி இருக்கும். பிரிஸ்கோ காலின், டென்டன் என்று இரண்டு கவுன்டியிலும் படர்ந்த ஊர், அதனால் நோட்டீஸ் எந்த அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து வந்தது என்று பார்த்து அந்தத் தளத்தில் நுழையுங்கள். ஆன்லைனில் மனு செய்ய நோட்டீஸில் ஒரு பின் எண் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய படத்தில் அது வெட்டுப்பட்டிருந்தால் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓ.டி.பி. அமெரிக்க எண்ணுக்குப் போகலாம் என்பதால் அந்த சிம்மைக் கழற்றி வைத்துவிடாதீர்கள், வைஃபை காலிங்கை இயக்கி வையுங்கள்.

படிவத்தில் (50-132) காரணம் கேட்கும் இடத்தில் இரண்டு கட்டங்களையும் டிக் செய்யுங்கள்: சந்தை மதிப்பைவிட அதிகம், மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லை. ஒன்றை விட்டுவிட்டால் விசாரணையில் அந்த வாதத்தை எடுக்க முடியாமல் போகலாம். மனு போட்டதற்காக நோட்டீஸில் உள்ளதைவிட மதிப்பை ஏற்றிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விசாரணைக் குழு அப்படி ஏற்ற முடியாது.

உங்கள் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு க்ளோசிங்கில் தந்த செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் (வாங்கிய விலையும் செலவும் எழுதிய கணக்குத் தாள்). ஜனவரி 1-க்கு மூன்றே மாதம் முன்பு, தெரியாத இருவர் பேசி முடித்த விலை; இதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது அரிது. கணக்கு எண்களை மறைத்துவிட்டு விலையும் தேதியும் தெரியும் பக்கத்தை ஏற்றுங்கள். இதையே தலைகீழாகவும் சொல்ல வேண்டும். வாங்கிய விலை நோட்டீஸ் மதிப்பைவிட அதிகமாக இருந்தால் அந்தக் காகிதம் பெட்டியிலேயே இருக்கட்டும். டெக்சாஸில் விற்பனை விலையை அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. விலை கேட்டு டிஸ்ட்ரிக்ட் கணக்கெடுப்புக் கடிதம் அனுப்பினாலும் பதில் கட்டாயமில்லை. பதிவான பத்திரத்தில் கடன் தொகை மட்டும் இருக்கும், அதை வைத்து அவர்கள் ஊகிக்கலாம்.

பிறகு டிஸ்ட்ரிக்ட் தளத்தில் உங்கள் வீட்டின் பதிவைத் திறந்து பில்டர் தந்த ஃப்ளோர் பிளானோடு ஒப்பிடுங்கள். மாடி வீடுகளில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. வரவேற்பறைக்கு மேலே கூரை வரை திறந்திருக்கும் வெற்றிடத்தையும் மாடித் தளமாக எண்ணிவிடுவார்கள். வெளிச்சுவரை அளந்து கணக்குப் போடுவதால் வரும் வினை இது. 300 சதுர அடி கூடியிருந்தால், சதுர அடி 200 டாலர் வீதம் 60,000 டாலர் காற்றுக்கு வரி கட்டுகிறீர்கள். கூடவே அதே சப்டிவிஷனில் (உங்கள் குடியிருப்பு மனைப்பிரிவில்), அதே அளவு, அதே வயது உள்ள மூன்று முதல் ஐந்து வீடுகளின் மதிப்பைத் தளத்திலிருந்தே எடுத்து, சதுர அடிக்கு எவ்வளவு என்று ஒரு பக்க அட்டவணை போடுங்கள். நீச்சல் குளம் உள்ள வீட்டைச் சேர்த்தால் அட்டவணை உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

எழுத வேண்டாதவையும் உண்டு. வரி தாங்கவில்லை, வேலை நிச்சயமில்லை, ஒரே வருஷத்தில் இவ்வளவு ஏற்றமா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அவர்களுக்கு அதிகாரம் மதிப்பின் மேல் மட்டும்தான், வரி விகிதத்தை வைப்பது பள்ளியும் நகரமும்.

மனு போன பிறகு, பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் மதிப்பீட்டாளரே ஆன்லைனிலோ போனிலோ ஒரு எண் சொல்வார். 6,22,000 என்று வந்தால் கை பரபரக்கும். ஏற்றுக்கொண்டால் இந்த வருஷக் கதை அதோடு முடிந்தது, மேலே போக வழியில்லை. செட்டில்மென்ட் ஸ்டேட்மென்டைக் காட்டி 5,85,000 என்று நில்லுங்கள், ஒப்பவில்லை என்றால் ஏ.ஆர்.பி. (மதிப்பீட்டு மறுஆய்வுக் குழு) விசாரணைக்கு விடுங்கள். அது உள்ளூர் மக்கள் அமர்ந்த குழு, கோர்ட் போல மிரட்டாது. சில நிமிடங்களில் முடியும். டிஸ்ட்ரிக்ட் வைத்திருக்கும் ஆதாரங்களை விசாரணைக்கு 14 நாள் முன்பே கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

சென்னையிலிருந்து போனிலோ வீடியோவிலோ கலந்துகொள்ளலாம். மனுப் படிவத்திலேயே அதற்குக் கட்டம் இருக்கிறது. டல்லாஸ் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 8.30. ஆனால் போனில் பேசுபவர் ஆதாரங்களைப் பிரமாண வாக்குமூலத்தோடு முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். ஹைகோர்ட் எதிரே நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பி, அங்கே ஏற்பார்களா என்று தவித்துக்கொண்டிருக்க வேண்டாம். டெக்சாஸ் ஆன்லைன் நோட்டரி வீடியோவிலேயே செய்து தருவார். அது சரிவராவிட்டால் ஜெமினி மேம்பாலம் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுத்துப் போகலாம், ஒரு முத்திரைக்கு 50 டாலர். இந்த அலைச்சலே வேண்டாம் என்றால், ஏஜென்ட் வைக்காதவருக்கு ஒரு தடவை காரணம் சொல்லாமலே விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்கும் உரிமை உண்டு; ஊர் திரும்பிய பிறகு நேரில் போங்கள். தேதியில் ஆஜராகாமல் மட்டும் விட்டுவிட்டால் மனு தள்ளுபடிதான்.

மிச்சமாகும் வரியில் பங்கு கேட்டு உங்களுக்காக வாதாடும் ஏஜென்ட் கம்பெனிகள் பற்றி: செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் கையில் இருக்கும் உங்களுக்கு அவர்கள் தேவையில்லை.

கடைசியாக எஸ்க்ரோ, அதாவது வரிக்காக பேங்க் மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் பணம். போன வருஷம் ஜனவரி 1 அன்று உங்கள் இடம் வெறும் மனையாகவோ பாதிக் கட்டடமாகவோ இருந்திருக்கும், அதனால் போன வருஷ வரி குறைவு. பேங்க் அந்தக் குறைந்த வரியை வைத்து மாதத் தவணையைப் போட்டிருந்தால், எதிர்ப்பில் ஜெயித்தாலும் தவணை ஏறும். இந்த வருஷ பில் அக்டோபர் வாக்கில் வரும், ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும், பிப்ரவரியில் கட்டினால் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் கூடும். இப்போதே பேங்குக்கு எழுதி முழு வீட்டு மதிப்பில் எஸ்க்ரோவைக் கணக்கிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரே அடியாகப் பல ஆயிரம் டாலர் பற்றாக்குறை என்று கடிதம் வந்து நிற்கும்.