குரல் அடைக்கும் இடம்

அன்பின் ஐயா,
மகள் சங்கீதம் படிக்கிறாள். அம்மம்மாவின் 31ஆம் நாள் சடங்கு முடிந்த கிழமை மேடையில் பாடும்போது அழுகை வந்து குரல் அடைத்துப்போனது. "கலைஞர் அழக்கூடாது" என்று ஆசிரியர் எல்லாருக்கும் முன்னால் ஏசிவிட்டார். பலே (ballet) நடனக்காரிகள் திரை விழும்வரை சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுவதை யூடியூப்பில் பார்த்தேன். இதெல்லாம் கல்நெஞ்சு இல்லையா?
- ஒரு வாசகி, காரைதீவு

அன்பின் தங்கைக்கு,

ஏசியது பிழை. அதுவும் 31 கழித்த பிள்ளையை. ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி.

அழுகை வரும்போது மூச்சுக்காகத் தொண்டை விரியப் பார்க்கும். விழுங்கினால் அது மூட வேண்டும். அந்த இழுபறியைத்தான் தொண்டை அடைக்கிறது என்கிறோம். அப்போது சுருதி எங்கே நிற்கும்? பலேயில் வேறு சங்கடம். சுழலும்போது பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி, தலையைக் கடைசியில் வெட்டித் திருப்பினால்தான் தலை சுற்றாது. கண் கலங்கினால் புள்ளி போச்சு. 1841இல் பாரிசில் அரங்கேறிய 'ஜிசெல்' பலேயில், காதலன் ஏமாற்றியது தெரிந்து ஒருத்தி பித்துப்பிடித்துத் தலைவிரிகோலமாகத் தள்ளாடுவாள். அந்தத் தள்ளாட்டமும் இசைக்குக் கணக்காக விழ வேண்டும். அழுகையைத் திரை விழும்வரை தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான்.

(ஒப்பாரிக்காரிகள் அழுதுகொண்டே பாடவில்லையா என்பீர்கள். அங்கே விக்கலும் பாட்டில் சேர்த்தி.)

தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரியும் மெய்ப்பாடு எட்டில் நகைக்கு அடுத்ததாக அழுகையை வைத்தவர். நம்மிடம் அதற்குத் தடை இருந்ததில்லை; தாங்கிப்பிடிக்க ஆள் இருந்தது. வாழைச்சேனைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்து, விடிய விடிய ஆடுகிற நாட்டுக்கூத்து. விடியப்போகிற நேரம், அபிமன்யு பட்ட சேதி கேட்டுச் சுபத்திரை புலம்புகிற கட்டம். அந்த வேஷம் கட்டியவர் அவ்வருஷம்தான் மகனைப் பறிகொடுத்திருந்தார். தருவின், அதாவது கூத்துப் பாட்டின், இரண்டாம் அடியில் குரல் நின்றுவிட்டது. கூத்தை நடத்துகிற அண்ணாவியார் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, மத்தளத்தை நிறுத்தவும் இல்லை. பிற்பாட்டுக்காரர் அந்த அடியையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். நாலாம் தரம் அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் அடியை எடுத்தார். களரியைச் சுற்றியிருந்த சனம் அப்போதுதான் அழுதது.

உங்கள் மகளுக்கு அந்தப் பிற்பாட்டு இருக்கவில்லை. அடுத்த முறை தம்புராவோடு, கூடப் பாடக்கூடிய ஒரு சிநேகிதியையும் பக்கத்தில் இருத்துங்கள். அதுவரை வீட்டில் அந்தப் பாட்டை அழுது அழுதே பாடட்டும். எந்தச் சொல்லில் அடைக்கிறதென்று அவளுக்கே பிடிபடும். அதற்கு முன்னால் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அது அம்மம்மாவுக்குப் பிடித்த பாட்டா? கடிதத்தில் அதை எழுதவில்லையே நீங்கள்.