மாமியார் உடைச்சா மண்குடமா? காமெடியும் இனமும், வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், இனத்தை வெச்சு அடிக்கிற ஜோக். அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கே: சார், நான் அமெரிக்க ஸ்டாண்ட்-அப் நிறைய பார்ப்பேன். கறுப்பின காமெடியன் ஒரு மணி நேரம் வெள்ளைக்காரங்களை வெச்சு செஞ்சாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, அதையே வெள்ளைக்காரர் திருப்பி ஒரு வரி சொன்னா வேலையே காலி. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்ங்கிற கதைதானே இது? எல்லாருக்கும் ஒரே ரூல் வெச்சுட்டா என்ன?

ப: அதே கதைதான், நான் மறுக்கப் போறதில்ல. ஆனா ஒரே ரூல்ங்கிறதை ஒரு இடத்துல நிஜமாவே வெச்சுப் பார்த்தாங்க, அது எப்படிப் போச்சுன்னு கேளுங்க.

2006 நவம்பர், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லாஃப் ஃபேக்டரின்னு ஒரு காமெடி கிளப். சைன்ஃபெல்ட் சீரியல்ல க்ரேமரா வந்தாரே மைக்கேல் ரிச்சர்ட்ஸ், அவரு மேடையில இருக்காரு, கூட்டத்துல இருந்த சில கறுப்பினத்தவங்க நடுவுல குரல் விடவும் மனுஷன் கொதிச்சுப்போய் என்-வேர்டை (கறுப்பினத்தவங்களை இழிவா சொல்ற ஆங்கில வசை வார்த்தை) திரும்பத் திரும்ப கத்துறாரு, 50 வருஷம் முன்னாடியா இருந்தா உங்களைத் தலைகீழா தொங்க விட்டிருப்போம்ங்கிற அளவுக்குப் போயிட்டாரு. யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுத்துச்சு. (அதுல ஜோக்னு ஒண்ணுகூட இல்ல, அதை இன்னமும் காமெடி சர்ச்சைன்னு சொல்றதே எனக்கு ஆச்சரியம்தான்.) உடனே கிளப் ஓனர், இனிமே இந்த மேடையில யாரா இருந்தாலும் சரி அந்த வார்த்தை வரக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அடுத்த மாசமே மாட்டினது யாரு தெரியுமா? டேமன் வேயன்ஸ், கறுப்பினக் காமெடியன். ஒரு தடவை சொன்னதுக்கு 20 டாலர்னு கணக்கு பண்ணி 320 டாலர் ஃபைன், கூடவே மூணு மாசம் மேடை ஏறக்கூடாதுன்னு தடை. வெள்ளைக்காரர் ஒருத்தர் வெறி பிடிச்சுக் கத்தினதுக்காக வந்த ரூலு, கடைசியில அந்த வார்த்தையால காலங்காலமா அடி வாங்கின ஜனத்தோட ஆளு பாக்கெட்லதான் கை வெச்சுது.

ஏன்னா ரெண்டு பக்கமும் ஒரே இடத்துலருந்து கிளம்பி வரல. 1830கள்ல தாமஸ் ரைஸ்னு ஒரு வெள்ளைக்கார நடிகர் மூஞ்சில கரியைப் பூசிக்கிட்டு 'ஜிம் க்ரோ'ன்னு ஒரு கறுப்பினக் கேரக்டரா ஆடிப் பாடினாரு, பயங்கர ஹிட்டு, பின்னாடி கறுப்பினத்தவங்களைத் தனியா ஒதுக்கி வெச்ச சட்டங்களுக்கே அந்தப் பேருதான் நின்னுது. இங்கிலாந்துல பிபிசி 1958லருந்து 1978 வரைக்கும் கரி பூசின ஆளுங்க பாடுற ஷோவை குடும்பத்தோட பாருங்கன்னு போட்டுக்கிட்டு இருந்துச்சு. வெள்ளைக்காரனுக்கு டான்ஸ் ஆடத் தெரியாதுன்னு ஒரு ஜோக் இருக்கு பாருங்க, அதை வெச்சு இதுவரைக்கும் எவனுக்கும் வாடகைக்கு வீடு இல்லைன்னு சொன்னதில்ல. இந்த வித்தியாசத்தை விட்டுட்டு வார்த்தையை மட்டும் தராசுல வெச்சா எடை தப்பாத்தான் காட்டும்.

கே: அப்போ தன் இனத்தைத் தானே கலாய்ச்சா எல்லாமே ஓகேவா? அவங்களுக்கு மட்டும் லைசென்ஸா?

ப: லைசென்ஸ் இருந்தவங்களே வேண்டாம்னு திருப்பிக் கொடுத்திருக்காங்க, அதான் இதுல சுவாரஸ்யம்.

டேவ் சப்பெல்னு ஒரு கறுப்பினக் காமெடியன், அவரு கேஸை எடுத்துக்குங்க. 5 கோடி டாலர் கான்ட்ராக்ட், டிவில அவரு ஷோ செம ஹிட்டு, 2005ல மூணாவது சீசன் ஷூட்டிங் பாதியில போட்டது போட்டபடி தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பிட்டாரு. பைத்தியம் பிடிச்சுருச்சுன்னு எல்லாம் எழுதினாங்க. அடுத்த வருஷம் ஓப்ரா ஷோவுல வந்து அவரே காரணம் சொன்னாரு: ஒரு ஸ்கெட்ச்சுக்காக அவரே மூஞ்சில கறுப்புச் சாயம் பூசிக்கிட்டு, இனத்தைப் பத்தின மட்டமான எண்ணத்துக்கு ஒரு குட்டி உருவம் கொடுத்து நடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு, செட்ல இருந்த ஒரு வெள்ளைக்காரர் சிரிச்சாரு, அந்தச் சிரிப்பு அவருக்கு என்னமோ மாதிரி இருந்திருக்கு. இவரு கிண்டல் பண்ணினது அந்த எண்ணத்தை, அந்த ஆளு சிரிச்சது கறுப்பினத்தவங்களைப் பார்த்தோன்னு ஒரு சந்தேகம், அவ்ளோதான், அதுக்கப்புறம் அவரால அந்த வேலையை அதே மாதிரி பண்ண முடியல.

இன்னொரு கறுப்பினக் காமெடியன் கிறிஸ் ராக்கும் அப்படித்தான். 1996ல அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது தன் இனத்துக்குள்ளயே ரெண்டு வகை ஆளுங்க இருக்காங்கன்னு என்-வேர்டை வெச்சுப் பண்ணின ஒரு பகுதி, ஆனா அதை மறுபடி பண்ணவே மாட்டேன்னு பின்னாடி ஒரு டிவி பேட்டில சொல்லிட்டாரு, இனவெறி பிடிச்சவங்க அதைக் கேட்டுட்டு நமக்கும் அந்த வார்த்தையைச் சொல்ல பர்மிஷன் கிடைச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்களாம். அவங்களுக்கெல்லாம் முன்னோடி ரிச்சர்ட் ப்ரையர் 1979ல கென்யா போயிட்டு வந்து அந்த வார்த்தையையே விட்டுட்டாரு.

இதுல இன்னொரு கோணம் இருக்கு. 1971ல அமெரிக்க டிவில ஆர்ச்சி பங்கர்னு ஒரு கேரக்டர், வீட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டு எல்லா இனத்தையும் திட்டுற பெருசு, எழுதினவங்க நோக்கம் அந்த ஆளைக் கேலி பண்றதுதான். விட்மர், ரோக்கீச்னு ரெண்டு பேரு ஆராய்ச்சி பண்ணி 1974ல வெளியிட்டாங்க, பார்த்தா இனவெறி கம்மியா இருக்கிறவங்க இவனை நல்லா ஓட்டுறாங்கன்னு ரசிச்சிருக்காங்க, ஏற்கனவே அந்த வெறி உள்ளவங்க ஆர்ச்சி கரெக்டாத்தான் பேசுறான், கடைசியில ஜெயிக்கிறதே அவன்தான்னு ரசிச்சிருக்காங்க. ஒரே சீன், ஒரே வசனம். எழுதினவரு நல்லவரா கெட்டவரான்னு மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தா இது நம்ம கண்ணுல படவே படாது. என்னைக் கேட்டா ஜோக் அடிக்கிறவரோட இனத்தைவிட, அந்த ரூம்ல யாரு எதுக்காக சிரிக்கிறாங்கங்கிறதுதான் பாதி தீர்ப்பு, அந்தச் சிரிப்பு சொன்னவர் கையில இல்லைங்கிறதுதான் இந்தத் தொழில்லயே பெரிய தலைவலி.

கே: சிம்ப்ஸன்ஸ்ங்கிற அமெரிக்க கார்ட்டூன் சீரியல்ல இந்தியக் கடைக்காரரா வர்ற அப்பு கேரக்டர் மேல மட்டும் ஏன் அவ்ளோ கோவம்? அதே சீரியல்ல ஸ்காட்லாந்துக்காரர் வில்லியையும்தானே வெச்சு செய்யறாங்க, அவங்க யாரும் அழலையே?

ப: நல்ல பாயிண்ட்தான். ஆனா 1990ல அப்பு வந்தப்போ அமெரிக்க டிவில தெற்காசிய மூஞ்சின்னா கிட்டத்தட்ட அவரு ஒருத்தர்தான். ஸ்காட்லாந்துக்காரங்களுக்கு வில்லி போனா டாக்டர், டிடெக்டிவ், ஹீரோன்னு நூறு பேரு இருக்காங்க. ஸ்கூல்ல படிச்ச இந்தியப் பசங்களைப் பார்த்தா மத்த பசங்க அப்பு மாதிரியே பேசிக் காட்டுவாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே. குரல் கொடுத்த ஹேங்க் அஸாரியா வெள்ளைக்காரர், அவரு அந்த உச்சரிப்பை எடுத்தது நிஜ இந்தியர்கிட்டருந்துகூட முழுசா இல்லீங்க, 1968ல ஒரு படத்துல பீட்டர் செல்லர்ஸ் மூஞ்சிக்குச் சாயம் பூசி இந்தியரா நடிச்சாரே, அதைப் பார்த்து. மிமிக்ரிக்கு மிமிக்ரி! 2017ல ஹரி கொண்டபோலுங்கிற காமெடியன் இதை வெச்சு ஒரு ஆவணப்படமே எடுத்தாரு, 2020ல அஸாரியா இனிமே அப்புவுக்குக் குரல் கொடுக்க மாட்டேன்னு ஒதுங்கினாரு, மறு வருஷம் மன்னிப்பும் கேட்டாரு. அப்புவை ரசிச்ச இந்தியர்களும் நிறைய பேரு உண்டு, அதையும் சொல்லிடறேன்.

கே: அப்படின்னா டபுள் ஸ்டாண்டர்டே இல்லைங்கறீங்களா?

ப: இருக்கு, ஆனா நீங்கல்லாம் தேடுற இடத்துல இல்ல.

2016 ஆஸ்கர். நடிப்புக்கான 20 நாமினேஷனும் வெள்ளைக்காரங்களுக்கே போச்சுன்னு பெரிய சண்டை நடந்துக்கிட்டு இருக்கு, தொகுப்பாளர் நம்ம கிறிஸ் ராக், ஹாலிவுட்டோட இனப் பாகுபாட்டை கிழி கிழின்னு கிழிக்கிறாரு. அதே ராத்திரி, அதே மேடையில மூணு ஆசியக் குழந்தைங்களைக் கோட்டு சூட்டு போட்டு நிக்க வெச்சு, இவங்கதான் ஓட்டு எண்ணின கணக்குப்பிள்ளைங்கன்னு ஒரு ஜோக், யாருக்காவது கோவம் வந்தா உங்க போன்லயே ட்வீட் பண்ணுங்க, அந்த போனைச் செஞ்சதும் இந்தக் குழந்தைங்கதான்னு இன்னொரு ஜோக். கணக்குல புலி, குழந்தைத் தொழிலாளி, ரெண்டு பழைய முத்திரையும் ஒரே நிமிஷத்துல! இயக்குநர் ஆங் லீ, நடிகை சாண்ட்ரா ஓ உட்பட, ஆஸ்கர் கொடுக்கிற அகாடமியோட 25 ஆசிய வம்சாவளி உறுப்பினர்கள் லெட்டர் போட்டாங்க, அகாடமி வருத்தம் தெரிவிச்சுது. ஒரு இனத்துக்கு நியாயம் கேட்டு நடந்த நிகழ்ச்சியிலயே இன்னொரு இனம் ஓசில கிடைச்ச பஞ்ச்லைன். எந்த இனம் சத்தம் போடாதுன்னு நினைக்கிறாங்களோ அதுமேல கை வைக்கிறது ஈஸி, இதை வெள்ளைக்காரங்க மட்டும்தான் பண்றாங்கன்னு சொல்லவே முடியாது.

ரெண்டாவது, மார்க்கெட். 2019 செப்டம்பர்ல சாட்டர்டே நைட் லைவ்ங்கிற அமெரிக்க டிவி காமெடி ஷோ ஷேன் கில்லிஸ்னு ஒரு காமெடியனைச் சேர்க்கறதா அறிவிச்சுது, அதே அறிவிப்புல போவன் யாங்ங்கிற ஆசிய அமெரிக்கரும் உண்டு. அன்னைக்கே கில்லிஸ் பாட்காஸ்ட்ல சீனர்களைக் கேவலமா பேசின கிளிப் வெளிய வந்து, நாலே நாள்ல தூக்கிட்டாங்க. 2024 பிப்ரவரியில அதே ஷோவுக்குத் தொகுப்பாளரா அழைச்சாங்க. நடுவுல கொள்கை ஒண்ணும் மாறல, அவருக்குக் கூட்டம் சேர்ந்துச்சு.

கே: ஆபீஸ்ல என் உச்சரிப்பை வெச்சு ஒரு குரூப் தினமும் மிமிக்ரி பண்றாங்க. முகம் சுளிச்சா 'சும்மா காமெடிக்குப்பா, சென்ஸ் ஆஃப் ஹியூமர் இல்லையா'ங்கறாங்க. பேர் போடாதீங்க ப்ளீஸ்.

ப: போடலம்மா. மேடைக்கும் உங்க ஆபீஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், மேடைக்கு டிக்கெட் வாங்கிட்டுப் போறோம், பிடிக்கலைன்னா எந்திரிச்சு வந்துடலாம். நீங்க எங்க போவீங்க? அடுத்த தடவை பண்ணும்போது சிரிக்காம, கோவப்படாமயும், 'இதுல எது காமெடின்னு புரியல, கொஞ்சம் விளக்கிச் சொல்லேன்'னு கேட்டுப் பாருங்க, விளக்க ஆரம்பிச்சாலே பாதி பேருக்கு நாக்கு குழறும். அப்பவும் நிக்கலைன்னா தேதி, யாரு, என்ன சொன்னாங்கன்னு எழுதி வெச்சுக்கிட்டு ஹெச்.ஆர்.கிட்ட மெயில்ல போங்க, வாய்வார்த்தையா வேண்டாம். தாமஸ் ஃபோர்டுங்கிற உளவியல் பேராசிரியர் இந்த மாதிரி மட்டம் தட்டுற ஜோக்கை வெச்சே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. ஜோக் கேட்டவுடனே எல்லாரும் மாறிடறதில்லையாம், ஏற்கனவே மனசுக்குள்ள வெறுப்பு வெச்சிருக்கிறவனுக்கு மட்டும் இங்க இதெல்லாம் நடக்கும்போலன்னு தைரியம் வந்துடுதாம். அதனால உங்களுக்கு சென்ஸ் ஆஃப் ஹியூமர் இருக்கா இல்லையாங்கிற பஞ்சாயத்துக்குள்ளயே போகாதீங்க.

கே: பழைய காமெடி ஷோவையெல்லாம் ஓடிடிலருந்து தூக்கறது சரியா?

ப: எனக்குப் பிடிக்கல. 2020 ஜூன்ல அவசர அவசரமா தூக்கினப்போ ஃபால்டி டவர்ஸ்ங்கிற பழைய பிரிட்டிஷ் காமெடி சீரியலோட ஒரு 1975 எபிசோடும் அதுல போச்சு, அதுல இனத்தைத் திட்டி வசனம் பேசுற கிழட்டு மேஜரைத்தான் கிண்டலே பண்றாங்கன்னு அதை எழுதி நடிச்ச ஜான் க்ளீஸ் கடுப்பாயிட்டாரு. அப்புறம் முன்னாடி ஒரு எச்சரிக்கை கார்டு போட்டுத் திரும்ப வெச்சாங்க. அது போதும். ஆர்ச்சி பங்கர் விஷயத்துல சொன்ன மாதிரி மேஜரைப் பார்த்துக் கரெக்டுன்னு தலையாட்டுறவங்களும் இருப்பாங்கதான், ஆனா அவங்களுக்காக எபிசோடை ஒளிச்சு வெச்சா, பிபிசி 20 வருஷம் போட்ட கரி பூசின ஷோவும் நடக்கவே இல்லைன்னு நாளைக்கு யாராவது சொல்லுவாங்க.