பூச்சு வேலை சரியில்லை, ‘பட்டி போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?

கேள்வி: முப்பது வருடப் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். ஹாலிலும் இரண்டு அறைகளிலும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி பத்து நாள் ஆகிறது. சுவரெல்லாம் முடி மாதிரி வெடிப்பு. விளக்கைப் போட்டால் மேடுபள்ளம் தெரிகிறது. சில இடங்களில் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிறது. மேஸ்திரி ‘பட்டி போட்டா எல்லாம் மறைஞ்சிடும் சார்’ என்கிறார். பெயிண்டரை வரச் சொல்லலாமா, இல்லை மொத்தத்தையும் உடைக்க வேண்டுமா?

பதில்:

பெயிண்டரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மொத்தமாக உடைக்கவும் வேண்டியிருக்காது.

மேஸ்திரி சொன்னதில் ‘மறைஞ்சிடும்’ என்ற வார்த்தை மட்டும் முழு உண்மை. பட்டி என்பது பெயிண்டுக்கு முன் சுவரில் மெல்லியதாக இழுக்கும் மாவு, அது சுவரின் முகத்தைச் சரிசெய்யும். செங்கல்லை விட்டு விலகிய பூச்சை அது ஒட்டவைக்காது, உதிர்கிற பூச்சைக் கெட்டியாக்கவும் செய்யாது. ஆகவே உங்கள் மூன்று புகார்களையும் தலைகீழாக அடுக்குங்கள். கண்ணில் முதலில் படுவது வெடிப்பும் மேடுபள்ளமும். முதலில் பார்க்க வேண்டியது சத்தம்.

ஒரு சாக்பீஸ், ஒரு சாண் நீளத்துக்குப் பத்து எம்எம் கம்பித் துண்டு, இரண்டும் போதும். சுவரை அடிக்கு ஓர் இடமாக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். பிடிப்பு நன்றாக இருந்தால் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போயிருந்தால் ‘டொப்’ என்று டப்பா மாதிரி கேட்கும். சந்தேகமான இடத்தில் இன்னொரு கையைச் சுவரில் விரித்து வைத்துப் பக்கத்தில் தட்டுங்கள். பூச்சு விலகியிருந்தால் உள்ளங்கையில் அதிர்வு தெரியும். வெற்றுச் சத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். பீம் அடி, தூண் முகம், ஜன்னல் ஓரம், சுவிட்ச் பாக்ஸைச் சுற்றி, முதல் நாள் வேலை நின்று மறுநாள் தொடர்ந்த இடம் ஆகியவற்றை விடாமல் தட்டுங்கள். பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

குறித்த பிறகு முடிவு எளிது. உள்ளங்கை அளவுக்குள், ஓரத்தில் வெடிப்பில்லாமல், கட்டைவிரலால் அழுத்தினால் அசையாமல் இருந்தால் விட்டுவிடலாம். அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, சுற்றி வெடிப்பு ஓடியிருந்தாலோ எடுத்தே ஆக வேண்டும். கூரை அடியில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே எவ்வளவு சின்ன வெற்றிடமாக இருந்தாலும் எடுங்கள், விழுந்தால் தலையில்தான் விழும். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றிக் கூடுதலாக ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

குறித்ததில் ஓர் இடத்தை உளியால் நெம்பி, பூச்சை உடையாத பாளமாக எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். தவறு எங்கே நடந்தது என்பது அங்கே எழுதியிருக்கும். பின்பக்கம் வழவழவென்று தூசி படிந்திருந்தால், சுவரைக் கழுவவில்லை அல்லது நனைக்கவில்லை. காய்ந்த செங்கல் கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். செங்கல்லைத் தொடும் அந்த மெல்லிய அடுக்கில் சிமெண்ட் இறுகத் தண்ணீர் இல்லாமல் பொடியாகவே நின்றுவிடும். பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ ஒட்டிக்கொண்டு வந்தால், பழைய பூச்சை அரைகுறையாகக் கொத்தியிருக்கிறார்கள். பாளம் நடுவில் இரண்டு ஏடாகப் பிரிந்தால், தடிமனான இடத்தில் முதல் பூச்சைக் கீறிவிடாமல் இரண்டாவதைப் பூசியிருக்கிறார்கள். கான்கிரீட்டின் வழவழப்பான முகம் அப்படியே தெரிந்தால், தூணையும் பீமையும் கொத்திவிடவில்லை. பாளம் கையிலேயே நொறுங்கினால் கலவையே மோசம், அடுத்து வரும் சோதனை உங்களுக்குத்தான்.

ஒரு கம்பி ஆணியால் சுவரில் அழுத்திக் கீறுங்கள். பத்து நாள் ஆன நல்ல பூச்சில் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் விழும். ஆணி எளிதாக உள்ளே இறங்கி மணல் பொலபொலவென்று கொட்டினால் அது மென்மையான பூச்சு. சிமெண்ட் குறைவாகப் போட்டிருக்கலாம், மணலில் தூசு அதிகம் இருந்திருக்கலாம், சாப்பாட்டுக்கு முன் கலந்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசியிருக்கலாம். பெரும்பாலும் காரணம் தண்ணீர் காட்டாததுதான். லேசாக மட்டும் பொடிந்தால், இன்றே தொடங்கி ஒரு வாரம் மூன்று வேளையும் நனைத்து, மறுபடி கீறிப் பாருங்கள். மீதியிருக்கும் சிமெண்ட் கொஞ்சம் இறுகும். ஆணி அரை அங்குலம் இறங்கும் நிலையில் இருந்தால் நனைத்துப் பயனில்லை. அந்தச் சுவரை முழுதாக எடுங்கள். அதன்மேல் பட்டி போட்டால் பட்டியும் பெயிண்டும் பூச்சின் மேல்தோலோடு சேர்ந்து உரியும்.

இப்போது வெடிப்புக்கு வருவோம். வேலையிடத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஏர் கிராக்’ என்று ஒரே பெயர். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முடி போல மெல்லியது என்ற பொருளில் சொல்லும் ‘ஹேர் கிராக்’ மருவி வந்த பேச்சு. கோழி வலை போல நாலாபக்கமும் ஓடும் மெல்லிய கோடுகள் மேல்தோலின் சுருக்கம். ஈரம் சீக்கிரம் இழுக்கட்டும் என்று காய்ந்த சிமெண்டைச் சுவரில் தூவித் தேய்ப்பார்கள். அந்த மெல்லிய சிமெண்ட் தோல் அடியிலிருப்பதைவிட அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். தூசு மிகுந்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), வெயில், ஓடுகிற மின்விசிறி எல்லாமே இதைக் கூட்டும். தட்டினால் கெட்டிச் சத்தம் வந்தால் இந்த வெடிப்புக்குப் பட்டி போதும். மேஸ்திரி இதில் சரி.

நேர்கோடாக ஓடும் வெடிப்பு வேறு சாதி. பீமும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் ஓடினால், இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வந்தது. அங்கே கோழி வலை அடிக்காமல் பூசியிருப்பார்கள். மின்குழாய் போன வழியிலேயே ஓடினால், குழாய் புதைத்த காடியை ஆழமில்லாமல் வெட்டி ஒரே தடவையில் அடைத்திருப்பார்கள். இரண்டுக்கும் பட்டி வைத்தால் அடுத்த கோடையில் அதே கோடு திரும்ப வரும். கோட்டின் இருபுறமும் ஆறு அங்குலம் பூச்சை எடுத்து, வலையை ஆணியடித்து இழுத்துக் கட்டிப் பூச வேண்டும். வலை தொய்வாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் பயனில்லை. அது கலவைக்கு நடுவில் நிற்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு பூச்சைத் தாண்டிச் செங்கல்லிலும் ஓடியிருந்தால் அது பூச்சுக்காரர் விஷயமே அல்ல, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மட்டத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். ஆறடி அலுமினிய மட்டப்பலகையைச் சுவரில் நட்டமாக, படுக்கையாக, குறுக்காக வைத்து இடைவெளியைப் பாருங்கள். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு மேடும் நிழல் காட்டும். ஆனால் டார்ச்சை வைத்துச் சண்டை போடாதீர்கள், அந்த வெளிச்சத்தில் எந்தச் சுவரும் தேறாது. பலகையை வைத்துப் பேசுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இடைவெளி சாதாரணம். சாதாரணப் பட்டியின் மொத்தத் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றினால் வெடித்து உரியும். 3 முதல் 6 மில்லிமீட்டர் பள்ளத்துக்கு, தடிமனாகப் போடுவதற்கென்றே விற்கும் கரடு பட்டியை முதலில் இழுத்துவிட்டு மேலே சாதாரணப் பட்டி போடலாம். எவ்வளவு தடிமன் என்பது மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் போனால் பட்டி வேலை வேண்டாம்.

பணக்கணக்காகவும் பாருங்கள். 100 சதுர அடிச் சுவரை 5 மில்லிமீட்டர் நிரப்ப ஏறக்குறைய 46 லிட்டர் பொருள் வேண்டும். 40 கிலோ பட்டி மூட்டையைக் குழைத்தால் 30 லிட்டர் அளவுதான் வரும். 100 சதுர அடிக்கே ஒன்றரை மூட்டை போய்விடும், அதைத் தேய்க்கும் கூலி தனி. மறுபடி பூசுவதற்கு 12 மில்லிமீட்டர் தடிமனில் 1:5 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவான சிமெண்டும் ஐந்தரை கன அடி மணலும் போதும். ‘பட்டி மலிவு’ என்பது தொகையைப் போட்டுப் பார்க்காதவர் பேச்சு.

எல்லாச் சுவரையும் ஒரே கண்டிப்போடு பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அலமாரி வரும் மூலை, சமையலறை மேடை ஒட்டும் சுவர், டைல்ஸ் வரும் இடம், கதவு நிலையின் பக்கங்கள் ஆகியவற்றில் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்துப் பாருங்கள். கட்டில் தலைமாட்டுச் சுவரில் 4 மில்லிமீட்டர் பள்ளம் யாருக்கும் தெரியாது.

எடுத்துப் பூச வேண்டிய இடங்களில் வேலை இப்படி நடக்கட்டும். முதலில் அந்தச் சுவரில் போகும் மின்லைனை மட்டும் அணைத்துவிட்டு, குறித்த பகுதிக்கு இரண்டு அங்குலம் வெளியே கட்டர் மிஷினால் சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்து வட்டமாக எடுத்தால் அதிர்வில் நன்றாக இருக்கும் பூச்சும் விடும். செங்கல் இணைப்புகளைப் பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கான்கிரீட் முகமாக இருந்தால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கொத்து, 3 மில்லிமீட்டர் ஆழம். முந்தைய நாள் மாலை ஒருமுறை, பூசுவதற்கு ஒரு மணி நேரம் முன் ஒருமுறை நனைக்கவும். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் வழியக் கூடாது.

பிறகு எஸ்பிஆர் லேடெக்ஸும் (பழையதோடு புதியதைப் பிடிக்கவைக்கும் பால் போன்ற திரவம்) தண்ணீரும் சம அளவு சேர்த்து, அதில் சிமெண்டைக் கரைத்துச் சிமெண்ட் பாலாகப் பழைய விளிம்பிலும் சுவரிலும் அடிக்கவும். அது பசபசப்பாக இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். பாலை அடித்துவிட்டு டீ குடிக்கப் போனால், காய்ந்த அந்தப் படலமே அடுத்த பிரிவுக்குக் காரணமாகிவிடும். உள்சுவருக்கு 1:5, வெளிச்சுவருக்கு 1:4, கூரை அடிக்கு 1:4 கலவையில் 6 முதல் 8 மில்லிமீட்டர் போதும். மணலைச் சலித்தே ஆக வேண்டும். எம்-சாண்ட் வேறு, பூச்சுக்கான பி-சாண்ட் வேறு. கான்கிரீட்டுக்கு வந்த மணலில் மிச்சம் இருக்கிறது என்று பூச்சுக்குத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கலந்ததை அரை மணி நேரத்துக்குள் தீர்க்கும் அளவுக்கே கலக்க வேண்டும். ஐந்தடிக்கு ஒன்றாக புல் மார்க் (பூச்சின் தடிமனைக் காட்டும் கலவைத் திட்டு) வைத்து, அதைத் தூக்குக்குண்டால் சரிபார்த்த பிறகே நிரப்ப வேண்டும். மேடுபள்ளம் வந்த சுவர்களில் பெரும்பாலும் இந்த மார்க்கே வைத்திருக்க மாட்டார்கள், கண் மட்டம்தான். 15 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் தேவைப்பட்டால் இரண்டு தடவையாக, முதல் பூச்சைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, மறுநாள் இரண்டாவது.

அடுத்த நாள் காலையிலிருந்து ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும், யார் காட்டுவது என்று பேர் சொல்லி முடிவு செய்யுங்கள். மேஸ்திரி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார், வீட்டுக்காரர் மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று நினைப்பார், சுவர் காயும். பெயிண்டுக்கு முன் மூன்று நான்கு வாரம் உலர விடுங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இரவு முழுக்க ஒட்டிவைத்து, காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

பழைய வீடு என்பதால் ஒன்று. தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும் பூச்சு பொருமி வெள்ளை உப்பு பூத்தால் அது ஓதம், தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். எத்தனை தடவை பூசினாலும் தள்ளும். ஈரம் வரும் வழியை அடைத்துவிட்டுத்தான் கொத்தனாரைக் குறை சொல்ல வேண்டும். ஜிப்சம் பூச்சு போடலாமா என்ற யோசனை வந்தால், அது ஓதச் சுவருக்கும் குளியலறைக்கும் ஆகாது. உதிர்கிற சுவர்மேல் போட்டால் அதுவும் சேர்ந்தே விழும்.

கணக்கு தீர்க்கும் பேச்சு. உடைப்பதற்கு முன்பே சாக்பீஸ் குறிகளைப் படம் எடுங்கள், தட்டும் சத்தத்தோடு வீடியோ எடுங்கள், மொத்தச் சதுர அடியை அளந்து எழுதுங்கள். எடுத்த பாளத்தில் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். ‘வேலை சரியில்லை’ என்றால் வாக்குவாதம்தான் வரும். ‘அண்ணே, இந்தப் பாளத்தோட பின்பக்கத்தைப் பாருங்க, சுண்ணாம்பு அப்படியே ஒட்டியிருக்கு. மொத்தம் 140 சதுர அடி விட்டுப்போயிருக்கு. இதை எடுத்துப் பூசிக் கொடுத்துட்டு மீதிப் பணத்தை வாங்கிக்குங்க’ என்றால் பேச்சு வேறு மாதிரி போகும். பொருளோடு சேர்த்து ஒப்பந்தம் என்றால் முழுப் பொறுப்பும் அவருடையது. கூலி மட்டும் அவருக்கு, மணல் நீங்கள் இறக்கியது என்றால், நொறுங்கும் பூச்சுக்கு உங்கள் மணலும் காரணமாக இருக்கலாம். சுவரை நனைக்காததும் கொத்தாததும் மட்டும் எப்படிப் பார்த்தாலும் அவர் கணக்கு.

முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டீர்கள், அவர் போனை எடுப்பதில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் சேவைதான். 1915 உதவி எண்ணில் புகார் பதியலாம், மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே ரசீதோ, பணம் அனுப்பிய பதிவோ, வாட்ஸ்அப்பில் பேசிய விலையோ காட்ட வேண்டும். கையில் எண்ணிக் கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.