ஹெடருக்கு வீட்டில் அடித்த பெயின்ற் ஏன் கழல்கிறது?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய லான்சர் காருக்கு கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பாவித்த இரும்பு ஹெடர் (என்ஜினில் இருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி) வாங்கி, ஹாட்வெயார் கடையில் கிடைத்த சில்வர் ஹீற் பெயின்ற் ஒரு டின் அடித்துப் பூட்டினாராம். மூன்றாம் கிழமையே செதில் செதிலாகக் கழன்று, உள்ளே பார்த்தால் கறள். எந்த பெயின்ற் வாங்கினால் நிற்கும், அவன் அடுப்பில் வைத்துச் சுட வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

பெயின்ற்றை முதலில் சொல்லி முடித்து விடுகிறேன், அது சின்ன விசயம். டின்னில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பரனைற்றா செல்சியஸா என்றும் பாருங்கள். 500 என்று பெரிதாகப் போட்டிருக்கும், அது பரனைற்றாக இருந்தால் 260 பாகை செல்சியஸ்தான், என்ஜின் பிளொக்குக்குப் போதும், ஹெடருக்குக் காணாது. ஏற்றத்தில் கியரைக் குறைத்து மிதித்தால் ஹெடர் குழாய் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். குறைந்தது 1200 பரனைற், அதாவது ஏறக்குறைய 650 செல்சியஸ் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். வீ.எச்.ரி. பிளேம்புரூவ் மாதிரி ஹெடருக்கென்றே வருபவற்றில் 2000 பரனைற் வரை போட்டிருப்பார்கள். கிடைத்தால் அதை வாங்குங்கள்.

ஆனால் தம்பி, உங்கள் வேலை கெட்டது டின்னால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சூட்டில் பெயின்ற் தோற்றிருந்தால் பெரும்பாலும் வெளுத்து மாவாக உதிரும். செதிலாக எழும்பி அடியில் கறள் தெரிகிறது என்றால், அது இரும்பை ஒருநாளும் சரியாகப் பிடிக்கவே இல்லை. நடுவில் ஒயில் இருந்திருக்கும், அல்லது உப்பு. நீங்கள் இருக்கும் ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது! கடற்காற்றில் நாலு நாள் கிடந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாமல் உப்புப் படிந்திருக்கும். அதன் மேல் பெயின்ற் அடித்தால் உப்பு ஈரத்தை இழுத்து அடியில் இருந்தே கொப்புளம் போட வைக்கும்.

அதனால் பழைய பெயின்ற் முழுவதையும் எடுத்து வெறும் இரும்புக்கு வாருங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் தேய்க்கக் கூடாது, முதலில் கழுவ வேண்டும். ஒயில் இருக்கும்போதே தேய்த்தால் அதைக் கீறலுக்குள் ஏற்றிப் பூசுகிறோம், அவ்வளவுதான். சட்டி கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும் போதும், கடைசி அலசல் குழாய்த் தண்ணீரில் இருக்கட்டும், கிணறு உவராக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கழுவியது காணுமா என்று பார்க்க ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். அது ஒரே படலமாக வழிந்தால் சரி, மணி மணியாக உருண்டு நின்றால் அந்த இடத்தில் இன்னும் ஒயில் இருக்கிறது.

அப்புறம் தேய்ப்பு. மணல் பிளாஸ்ற் செய்யும் கராச் கைக்கெட்டினால் காசைப் பார்க்காமல் கொடுத்து விடுங்கள். இல்லையென்றால் கிரைண்டரில் கம்பி பிரஷ் பூட்டிக் கறளை எடுங்கள், கண்ணாடி போடாமல் வேண்டாம், தெறிக்கும் கம்பி கண்ணுக்குத்தான் வரும். பிரஷ் இரும்பைப் பளபளவென்று ஆக்கிவிடும், பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் அந்த வழுவழுப்பில் பெயின்ற் நிற்காது. அதற்கு மேல் 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பர், பிறகு 120 போட்டுக் கீறல் விட வேண்டும். நாலு குழாயும் நெருங்கி வளையும் இடத்துக்குக் கை போகாது. துணி முதுகு வைத்த சாண்ட் பேப்பரை ஒரு அங்குல நாடாவாகக் கிழித்து உள்ளே விட்டு, தயிர் கடையும் கயிற்றை இழுப்பது போல இரண்டு பக்கமும் மாறி மாறி இழுங்கள். கழன்ற பெயின்ற் அதிகமும் இந்த மூலையில்தான் தொடங்கியிருக்கும், போய்ப் பாருங்கள்.

கறளை மாற்றும் திரவம், நாகம் (சிங்க்) கலந்த பிரைமர் இரண்டையும் சிலர் இடையில் அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். நாகம் 419 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும், கறள் திரவமும் இந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. பிரைமர் அடிப்பதென்றால் அதே பெயின்ற்றுக்கு அதே கம்பனி செய்யும் சூட்டு பிரைமர் மட்டும்.

தேய்த்த அன்றே அடித்துவிட வேண்டும். உவர்மலையில் இருந்தபோது பின்னேரம் தேய்த்து முடித்த ஒரு ஹெடரை, விடியத்தான் அடிப்போம் என்று விறாந்தையில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் குழாய் முழுக்க இளஞ்செம்மை, நான் தூக்கிப் பிடித்த இடத்தில் பெருவிரல் ரேகை கோடு கோடாகக் கறளில் அச்சடித்தது போல இருந்தது. திரும்ப முதலில் இருந்து. அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் நான் தொடுவதில்லை. கடைசித் துடைப்பு அசற்றோன் அல்லது நல்ல தின்னர், வெள்ளைப் பழந்துணியில், துணியில் அழுக்கு வராத வரைக்கும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் பின்னால் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும்.

என்ஜின் ஹெட்டில் காஸ்கெற்றோடு முட்டும் பிளேஞ்ச் முகத்தையும் போல்ற் மரைகளையும் ஒட்டு நாடா ஒட்டி மூடுங்கள். ஒக்சிஜன் சென்சர் இருந்தால் கழற்றி வையுங்கள், பெயின்ற்றில் உள்ள சிலிக்கோன் அதற்கு நஞ்சு. காபரேற்றர் என்ஜின் என்றால் அந்தக் கவலை பெரும்பாலும் இருக்காது.

அடிக்கும் நேரம்தான் திருகோணமலையில் தந்திரமானது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் வெளியில் வைத்து அடித்தால் பெயின்ற் இரும்பில் சேரும் முன்பே காற்றில் காய்ந்து, உமி தடவியது போலச் சொரசொரவென்று இருக்கும். வெயிலில் கிடந்த இரும்பும் அதே வேலையைத்தான் செய்யும். மார்கழி மழையில் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டும். காய்ந்த நாளில், பனி விட்ட பிறகு, காலை எட்டரை ஒன்பது மணிக்கு, காற்று நேரே அடிக்காத திறந்த கொட்டிலில் கம்பியில் தொங்கவிட்டு அடியுங்கள். (முருங்கைக் கிளையில் கட்ட வேண்டாம், ஒடியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.) ஒரு அடி தூரத்தில், பத்து நிமிட இடைவெளியில், முதல் இரண்டு கை மெல்லிசாக, அடியில் இரும்பு தெரிந்தாலும் பரவாயில்லை, மூன்றாவது கை கொஞ்சம் ஈரமாக. நாலாவது கைக்கு ஆசை வரும், விடுங்கள், தடித்தால் சூட்டில் கொப்புளம் போடும். சாதாரணத் தூசு மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி பூட்டியது வேண்டும்.

இனி அவன் அடுப்பில் சுடுவது பற்றிய கேள்வி. இந்த பெயின்ற்றில் இருப்பது சிலிக்கோன் ரெசின். வெளியில் அது காயும், ஆனால் இறுகாது, நகத்தால் கீறினால் வரும், பெற்றோல் பட்டால் கரையும். சூடு ஏறினால்தான் கெட்டியாகும். ஆகவே சுடத்தான் வேண்டும், ஆனால் கேக் சுடும் அவனில் ஒருபோதும் வேண்டாம், அந்தப் புகை வீட்டுக்குள்ளும் சாப்பாட்டிலும் சேரக் கூடாது. காஸ் ரோர்ச்சும் சரிவராது, ஒரு இடம் கருகும்போது பக்கத்து இடம் பச்சையாகவே இருக்கும். காரிலேயே பூட்டி, என்ஜினைச் சும்மா ஓடவிட்டு 10 நிமிடம், நிறுத்தி 20 நிமிடம் ஆற விடுங்கள். பிறகு 20 நிமிடம் ஓட்டம், 20 நிமிடம் ஆறல். மூன்றாவதாக அரை மணி நேரம் ரோட்டில் ஓடுங்கள், நிலாவெளி வரை போய் வந்தால் சரியாக இருக்கும். டின்னில் வேறு கணக்கு இருந்தால் டின் சொல்வதே சட்டம். முதல் ஓட்டத்தில் புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம், ஆனால் வெளியில் நிறுத்தியே செய்யுங்கள், மூடிய கராச்சுக்குள் எக்ஸோஸ்ற் புகை ஆளைக் கொல்லும். போனெற் திறந்திருக்கட்டும், தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். எல்லாம் ஆறிய பிறகு பிளேஞ்ச் நட்டுகளை ஒருக்கா இறுக்குங்கள், முதல் சூடுகளில் அவை தளர்வது வழக்கம்.

பெயின்ற்றுக்கு மேல் சூட்டு நாடா சுற்றலாமா என்று அடுத்த கடிதம் வரும், இப்போதே சொல்கிறேன், நம் கடற்கரையில் வேண்டாம், உப்பு ஈரத்தை அது குழாயோடு கட்டி வைக்கும்.

இவ்வளவு செய்தாலும் ஹெட்டுக்குக் கிட்ட உள்ள இரண்டு மூன்று அங்குலம் மற்ற இடங்களுக்கு முன்பே வெளுக்கும், அங்கேதான் சூடு அதிகம். வெளுத்த இடத்தை மட்டும் தேய்த்து மீண்டும் ஒரு கை அடித்தால் காணும், முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. பழைய சில்வர் டின்னில் மிச்சம் இருந்தால் எறிய வேண்டாம், பின் சைலன்சர் குழாய்க்கு அடியுங்கள், அங்கே உள்ள சூட்டை அது தாங்கும்.